தோலுக்குப் பட்டை தந்த ஆவாரை கத்தரிக்கு வண்டு தருகிறது!

வறண்ட நிலத்தில் பூக்கும் மஞ்சள் பூவின் கதை

ஆம்பூர் என்றதும் இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று தோல். மற்றொன்று பிரியாணி.

ஆம்பூர்ப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கொடுப்பார்கள். எண்ணெயில் வதக்கி, புளி சேர்த்துச் செய்த கத்தரிக்காய். அது இலையில் இல்லாவிட்டால் பலருக்குப் பிரியாணி சாப்பிட்டது போலவே இருக்காது.

தோலுக்கும் கத்தரிக்காய்க்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு செடி நிற்கிறது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. உரம் போடுவதில்லை. ரெயில் பாதை ஓரத்திலும் ஏரிக் கரையிலும் கல்லாங்காட்டிலும் தானாக முளைத்து, தானாக வளர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூக்கிறது.

அதுதான் ஆவாரை.

ஒரு காலத்தில் இந்தச் செடியின் பட்டை தோல் தொழிலை வளர்த்தது. இன்று இதன் பூ, கத்தரித் தோட்டத்துக்கு வேண்டிய வண்டுகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் வரப்பைச் சுத்தம் செய்கிறவர்கள் முதலில் வெட்டி எறிவதும் இந்தச் செடியைத்தான்!

தோல் ஊர்களின் செடி

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டியும் அதன் அருகிலும் உள்ள இந்த ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. முன்பு இவை எல்லாம் ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019ஆம் ஆண்டில் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள் ஆயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன.

பச்சைத் தோலை அப்படியே வைத்தால் இரண்டு நாளில் அழுகிவிடும். அதை அழுகாத தோலாக மாற்றுவதுதான் பதனிடுதல். அதற்குத் துவர்ப்புச் சத்து வேண்டும். வாழைக்காய் நறுக்கினால் கையில் கறை பிடிக்கிறது அல்லவா? பாக்கு மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறது அல்லவா? அந்தத் துவர்ப்புதான் தோலையும் இழுத்துப் பிடித்துக் கெட்டியாக்குகிறது.

ஆவாரம் பட்டையில் அந்தத் துவர்ப்புச் சத்து ஏராளம். காய்ந்த பட்டையை எடை போட்டால், நூற்றுக்குச் சுமார் 18 பங்கு துவர்ப்புச் சத்துதான்.

வேலை இப்படி நடக்கும். முதலில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊற வைப்பார்கள். மயிர் கழன்று வரும். பிறகு சுண்ணாம்பு போகக் கழுவுவார்கள். அடுத்தது ஆவாரம் பட்டைத் தண்ணீர். தொட்டியில் தோலைப் போட்டு, எடுத்து, புரட்டி, புதுப் பட்டை சேர்த்து, மறுபடியும் போடுவார்கள். இது வாரக் கணக்கில் நடக்கும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். வெயில் பட்டால் தோல் சிவந்து போகாமல் கடுக்காய் காப்பாற்றும். பிறகு எண்ணெய் தடவி உலர்த்துவார்கள்.

இப்படிப் பதனிட்ட தோல் வெளுத்த நிறத்தில் மென்மையாக இருக்கும். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி லண்டன் சந்தைக்குப் போகும். அங்கே அதற்கு 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று பெயர். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், சிப்பாய்களின் பூட்சுக்கு மேல் தோலாக இது பயன்பட்டது. ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் ஆவாரைக்கு வைத்த பெயரைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 'டானர்ஸ் காசியா' என்றார்கள். 'தோல் பதனிடுகிறவர்களின் காசியா' என்று அர்த்தம்! தாவர நூலில் இதன் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. 'ஆரிகுலேட்டா' என்றால் காது உடையது என்று பொருள். ஆவாரை இலைக் காம்பின் அடியில் பாருங்கள். சிறிய காது போல இரண்டு இலைத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பட்டையின் காலம் போயிற்று

தோல் வியாபாரம் பெருகப் பெருக, காட்டில் கிடைத்த ஆவாரம் பட்டை போதவில்லை. தென் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப் பட்டை கப்பலில் வந்தது. அதில் துவர்ப்புச் சத்து ஆவாரையைவிட அதிகம். ஆவாரைக்கு மவுசு குறைந்தது.

பிறகு குரோமியம் வந்தது. இது பட்டை அல்ல. உலோக உப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் குரோம் முறையைச் சோதனை செய்து காட்டினார். பட்டைத் தொட்டியில் வாரக் கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோம் முறையில் மிக விரைவில் பதனாகிவிட்டது. இன்று உலகத்தில் பெரும்பாலான தோல் குரோம் முறையில்தான் தயாராகிறது.

வேகம் வந்தது. ஏற்றுமதி பெருகியது. பல ஆயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. ஆனால் கழிவு நீரும் பெருகியது. உப்பும் குரோமியமும் கலந்த தண்ணீர் நிலத்திலும் பாலாற்றிலும் இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பயிர் செய்யத் தகுதி இழந்துவிட்டது என்ற ஆய்வு விவரம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 86,000 ஏக்கர்! 'கெடுத்தவரே நஷ்டம் கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையைக் கோர்ட்டு உறுதியாகச் சொன்னது. 2025 ஜனவரி 30ஆம் தேதி இதே பகுதியைப் பற்றி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தீர்ப்பு அளித்தது. வழக்கு இத்தனை ஆண்டு நீண்டதிலிருந்தே துன்பத்தின் அளவு தெரியும்.

ஆவாரை நட்டால் இந்தக் கெடுதல் எல்லாம் தீர்ந்துவிடுமா?

தீராது. அப்படிச் சொன்னால் அது பொய். குரோமியத்தை இந்தச் செடி உறிஞ்சிவிடும் என்று நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. பட்டையால் பதனிட்டாலும் உப்பு உண்டு, சுண்ணாம்பு உண்டு, கழிவு நீர் உண்டு. அதைச் சுத்தம் செய்வது தொழிற்சாலையின் வேலை. கண்காணிப்பது அரசாங்கத்தின் வேலை.

ஆனால் கெடாமல் மிஞ்சிய நிலத்தில் விவசாயம் நடக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் ஆவாரை உதவிக்கு வருகிறது.

முள் கத்தரிக்காயின் பெருமை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் இலவம்பாடி என்று ஓர் ஊர். இங்கே விளையும் முள் கத்தரிக்காய்க்குத் தனிப் பெயர். காம்பிலும் இலையிலும் முள் இருக்கும். பறிக்கும்போது கையைக் குத்தும். சமைத்தால் வாயில் கரையும்.

2023ஆம் ஆண்டில் இந்தக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'இது இந்த மண்ணின் சரக்கு' என்று சட்டப்படி குத்திய முத்திரை அது.

முத்திரை கிடைத்தால் போதுமா? செடியில் காய் பிடிக்க வேண்டுமே!

கத்தரிப் பூவை ஒருநாள் காலையில் உற்றுப் பாருங்கள். ஊதா இதழ்களுக்கு நடுவில் மஞ்சள் நிறத்தில் கூம்பு போல ஒன்று இருக்கும். அதற்குள்தான் மகரந்தத் தூள் இருக்கிறது. மற்றப் பூக்களில் மகரந்தப் பை வெடித்து, தூள் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் விரலில் வரும். கத்தரிப் பூவில் அப்படி வராது. பையின் நுனியில் சிறு ஓட்டை மட்டும் இருக்கும்.

பல்பொடி டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியில் ஓட்டை இருக்கிறது. சும்மா வைத்தால் பொடி விழாது. குலுக்கினால்தான் விழும். கத்தரிப் பூவும் அப்படித்தான். யாராவது வந்து குலுக்க வேண்டும்.

காற்று கொஞ்சம் குலுக்கும். அதனால் ஓரளவு காய் பிடிக்கும். ஆனால் நன்றாகக் குலுக்கத் தெரிந்த ஆள் வேறு ஒருவர். அவர்தான் கருவண்டு!

குலுக்கிப் பறிக்கும் கருவண்டு

'ரீம்' என்று பெரிய சத்தத்தோடு பறந்து வரும் கருவண்டைப் பார்த்துக் குழந்தைகள் ஓடுவார்கள். உடம்பு கன்னங்கரேல் என்று இருக்கும். இறகு வெயிலில் நீலமாக மின்னும். வண்டு என்று பெயர் சொன்னாலும் இது தேனீக்குச் சொந்தக்காரர். பெரிய தேனீ என்றே சொல்லலாம்.

இது கூட்டமாக வாழாது. அடை கட்டாது. காய்ந்த மரத்தில் அல்லது மூங்கிலில் துளை போட்டு வீடு அமைக்கும். தச்சன் துளை போட்டது போல அது அத்தனை வட்டமாக இருக்கும். உள்ளே மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு முட்டை இடும். மரத்தூளால் தடுப்புச் சுவர் வைக்கும். அடுத்த அறையில் அடுத்த உருண்டை, அடுத்த முட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை, அறைக்குள்ளேயே சாப்பாடு!

ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டுக்கு உண்டு. ஆனால் பிடித்து நசுக்கினால் அன்றி அது சாதாரணமாகக் கொட்டுவதில்லை.

கருவண்டு பூவைக் காலால் கட்டிப் பிடிக்கும். இறகை விரிக்காமல், பறக்கும் தசையை மட்டும் வேகமாக அதிர வைக்கும். அப்போது 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்கும். பறக்கும் சத்தம் வேறு, இந்தச் சத்தம் வேறு. கூர்ந்து கேட்டால் வித்தியாசம் தெரியும். அந்த அதிர்ச்சியில் ஓட்டை வழியாக மகரந்தம் பீச்சி அடிக்கும். வண்டின் வயிற்றில் அப்பிக்கொள்ளும். அடுத்த பூவுக்குப் போகும்போது அங்கே ஒட்டும். காய் பிடிக்கும்.

அடை கட்டும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அது சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும். உடம்பில் நீலக் கோடு போட்ட சிறிய காட்டுத் தேனீ ஒன்று உண்டு. அதற்கு இந்த வித்தை தெரியும். அது மண்ணில் வளை தோண்டி வாழும்.

ஆவாரம் பூவும் அதே ஜாதி

இப்போது ஆவாரம் பூவைப் பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ். நடுவில் பத்து மகரந்தக் காம்பு. எல்லாம் ஒரே அளவு அல்ல. கீழே இருப்பவை நீண்டு வளைந்து பெரியவையாக இருக்கும். நடுவில் இருப்பவை சிறியவை. மேலே மூன்று மிகவும் சிறியவை; அவை வேலைக்கு உதவா.

இந்த மகரந்தப் பைகளும் நுனியில் ஓட்டை உள்ள பல்பொடி டப்பாக்கள்தான்! குலுக்கினால்தான் கொடுக்கும்.

வண்டு வந்து நடுவில் உள்ள சிறிய காம்புகளைக் குலுக்கும். அதிலிருந்து வருவது வண்டுக்குச் சாப்பாடு. அதே நேரத்தில் நீண்ட காம்புகளிலிருந்து வரும் தூள் வண்டின் உடம்பில் வேறு இடத்தில் படியும். அது அடுத்த பூவுக்குப் போகும். கூலி தனி, வேலை தனி. ஒரு சின்னப் பூவுக்குள் எத்தனை கணக்கு!

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. ஆவாரம் பூவிலும் தேன் கிடையாது. இரண்டும் மகரந்தம் மட்டும் கொடுக்கும். இரண்டையும் குலுக்கத் தெரிந்த வண்டு ஒன்றே.

விவசாயிக்கு இதில்தான் லாபம் இருக்கிறது. கத்தரி எப்போதும் பூப்பதில்லை. செடி ஓய்ந்ததும் பிடுங்கிவிட்டு, நிலத்தை உழுது போட்டுவிடுவார்கள். வண்டு அதுவரை உபவாசம் இருக்குமா? மகரந்தம் இல்லாவிட்டால் குஞ்சுக்கு உருண்டை பிடிக்க முடியாது. வண்டு வேறு இடம் தேடிப் போகும். அடுத்த முறை கத்தரி பூக்கும்போது குலுக்க ஆள் இருக்காது.

வரப்பில் நாலு ஆவாரைச் செடி இருந்தால்? வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளிலும் ஆவாரை பூக்கும். பாலாறு மணலாகக் கிடக்கும்போதும் பூக்கும். ஏறக்குறைய ஆண்டு முழுவதும் அதில் பூ உண்டு. வண்டு ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை.

கத்தரியில் உள்ள எல்லாப் பூவும் காய் ஆகிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில பூக்களில் பெண் பாகம் குட்டையாக இருக்கும். எந்த வண்டு வந்தாலும் அவை உதிர்ந்துவிடும். மற்றப் பூக்களுக்குத்தான் வண்டு துணை.

வளர்ப்பது எப்படி?

ஆவாரை வளர்க்கப் பணம் வேண்டாம். பொறுமை வேண்டும்.

விதை: காய்கள் தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக இருக்கும். பழுப்பு நிறமாகக் காய்ந்ததும் பறிக்கலாம். ஒரே செடியில் பறிக்காமல் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிப்பது நல்லது.

ஊற வைத்தல்: விதையின் மேல் தோல் மிகவும் கெட்டி. அப்படியே விதைத்தால் பல விதைகள் முளைக்காமல் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதை மேல் ஊற்ற வேண்டும். இரவு முழுவதும் அதிலேயே ஊறட்டும். அடுப்பில் வைத்து வேக வைத்துவிடக் கூடாது! காலையில் உப்பியிருக்கும் விதைகளை எடுத்து உடனே விதைக்கலாம். உப்பாத விதைகளைச் சொரசொரப்பான மணலோடு தேய்த்து, மறுபடியும் ஊற வைக்கலாம்.

காலம்: மழையை ஒட்டி விதைக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்துக்குச் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. மழை வேரைக் கீழே இறக்கிவிடும்.

இடம்: நல்ல வெயில் படும் இடம் வேண்டும். வரப்பு, வேலி ஓரம், கிணற்று மேடு, ஏரிக் கரை எல்லாம் ஏற்றவை. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வேண்டாம். கத்தரிப் பாத்திக்குள் போட வேண்டாம். ஓரத்தில் இருந்தால் போதும். வண்டு பறந்து வரும்.

விதைப்பு: 3 அடிக்கு ஒரு குழி. ஒரு குழியில் 2 அல்லது 3 விதை. அரை அங்குல ஆழம் போதும். ஆவாரையின் ஆணிவேர் நேராக ஆழத்துக்குப் போகும். பிடுங்கி நட்டால் அது அறுந்துவிடும். ஆகவே நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது மேல்.

தண்ணீர்: முதல் கோடைக்கு மட்டும் கவனம் வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அடியில் சருகு போட்டு மூடினால் பிழைத்துக்கொள்ளும். அடுத்த கோடைக்குத் தண்ணீர் வேண்டாம்.

காவல்: ஆடு மாடுகள் சாதாரணமாக ஆவாரையைக் கடிப்பதில்லை. ஆகவே முள்வேலி தேவையில்லை. இளஞ்செடியை மிதித்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வெட்டுதல்: செடி வளர்ந்து வரப்பை மறைத்தால் கிளைகளை வெட்டலாம். அடியிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது. பாதியை வெட்டினால் மீதிப் பாதி வண்டுக்குப் பூ கொடுக்கும். வெட்டிய தழையை வயலுக்குத் தழை உரமாகப் போடலாம்.

சிலர் ஒன்று சொல்வது உண்டு. 'ஆவாரையும் அவரைக் குடும்பம்தானே? துவரை, உளுந்து போல இதுவும் வேரில் முடிச்சு வைத்து மண்ணுக்குத் தழைச் சத்து சேர்க்குமே' என்பார்கள். குடும்பம் அதுதான். ஆனால் ஆவாரை வேரில் அந்த முடிச்சு உண்டாவதில்லை. சத்து சேர்க்க வேண்டுமானால் தழையைத்தான் போட வேண்டும்.

அதுவரை தும்பை!

ஆவாரை விதைத்த உடனே பூத்துவிடாது. நல்ல மழை கிடைத்தால் ஓர் ஆண்டுக்குள் சில பூக்களைக் காணலாம். இரண்டாம் ஆண்டில்தான் நிறையப் பூக்கும். அதுவரை என்ன செய்வது?

தும்பை இருக்கிறது! மழை பெய்ததும் முளைத்து, வெள்ளை வெளேர் என்று பூத்து, விதை உதிர்த்து, அந்த ஆண்டிலேயே காய்ந்துவிடும் சின்னச் செடி. அது நம் மண்ணின் செடி. வறட்சி தாங்கும். ஆவாரம் பூவில் இல்லாத தேன் தும்பைப் பூவில் உண்டு. தேனீயும் சிறு வண்ணத்துப்பூச்சியும் அதைச் சுற்றியே பறக்கும்.

காய்ந்த தும்பைச் செடியை ஒரு துணியில் தட்டினால் பொடி விதை உதிரும். மணலோடு கலந்து, மழைக்கு முன் வரப்பில் தூவினால் போதும். மண் போட்டு மூட வேண்டாம். அடுத்த ஆண்டு அதுவே தன்னை விதைத்துக்கொள்ளும். களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாமல், விதை உதிரும் வரை விட்டுவைக்க வேண்டும்.

கருவண்டுக்குத் தேன் எங்கே கிடைக்கும்? எருக்கம் பூவில்! புறம்போக்கில் நிற்கும் எருக்கஞ்செடியைக் கருவண்டு விடாமல் சுற்றும். முருங்கையும் துவரையும்கூட அதற்குப் பிடிக்கும். எருக்கின் தேன், ஆவாரையின் மகரந்தம், காய்ந்த மூங்கில் வீடு. இந்த மூன்றும் இருந்தால் கருவண்டுக் குடும்பம் அங்கேயே தங்கிவிடும்.

மூங்கில் துண்டுகளைக் கட்டி, மழை படாத இடத்தில் தொங்க விடலாம். காய்ந்து பட்டுப்போன மரக் கிளை ஒன்றிரண்டை விறகுக்கு வெட்டாமல் விட்டுவைக்கலாம். மண்ணில் வாழும் தேனீக்காக வரப்பில் ஒரு மூலையை உழாமல் விடலாம்.

மருந்து அடிக்கும்போது கவனம்

கத்தரிக்காய்க்குப் பெரிய எதிரி காய்ப்புழு. அதற்குப் பயந்து பலர் வாரம் தவறாமல் மருந்து அடிக்கிறார்கள். புழு சாகிறதோ இல்லையோ, வண்டு செத்துவிடுகிறது!

புழு துளைத்த தண்டையும் காயையும் அவ்வப்போது கிள்ளி எடுத்து அழிப்பது முதல் வேலை. மருந்து தேவைதானா, எந்த மருந்து, எவ்வளவு என்பதை வேளாண்மை அலுவலரைக் கேட்டுச் செய்ய வேண்டும். அடித்தே தீர வேண்டும் என்றால் மாலையில் அடிக்க வேண்டும். காலை நேரம் வண்டு வேலை செய்யும் நேரம். ஆவாரைப் பூவின் மேல் மருந்து படக் கூடாது.

ஆவாரை இலையில் பச்சைப் புழு தெரிந்தால் பதற வேண்டாம். வெள்ளையும் மஞ்சளுமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளைகள் பல அங்கேதான் வளர்கின்றன. ஆவாரைக்கு நாலு இலை போனால் நஷ்டம் இல்லை.

பழைய சொந்தம்

ஆவாரை நேற்று வந்த செடி அல்ல. சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் சொன்ன 99 பூக்களில் இதுவும் ஒன்று. அப்போது அதன் பெயர் ஆவிரை. பொங்கல் வந்தால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வேப்பிலை, பூளைப் பூவோடு ஆவாரம் பூவைச் சேர்த்து வீட்டில் காப்புக் கட்டுகிறார்கள். இலங்கையில் இதை 'ரணவரா' என்று அழைத்து, பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். தெலுங்கில் 'தங்கேடு' என்று பெயர். தெலங்கானாவில் பதுக்கம்மா பண்டிகைக்கு இந்தப் பூ வேண்டும். 2014ஆம் ஆண்டில் அந்த மாநிலம் இதையே தன் மாநிலப் பூவாக அறிவித்தது!

ஆவாரை பூத்த ஊரில் சாவாரைக் காண முடியாது என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. அது ஆவாரையின் பெருமையைச் சொல்ல வந்த பேச்சு. அதை நம்பிச் சர்க்கரை வியாதிக்கு டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது. பூவைப் பறிக்கிறவர்களும் ஒன்றை நினைக்க வேண்டும். ஒரு செடியை மொட்டையாகப் பறித்தால் வண்டுக்கும் இல்லை, விதைக்கும் இல்லை. கொஞ்சம் பறித்து, மீதியை விட்டுவைக்க வேண்டும்.

நெடுஞ்சாலை அகலமாகிறது. மனைக்கு இடம் சமன் செய்கிறார்கள். இயந்திரம் ஒருமுறை போனால் பத்து ஆண்டு ஆவாரைப் புதர் ஒரு நாளில் மண்ணோடு போய்விடுகிறது. அதைத் தடுக்கத் தனி ஒருவரால் முடியாது. ஆனால் தன் வரப்பில் நாலு விதை ஊன்ற யாராலும் முடியும். பள்ளிக்கூட வேலி ஓரத்தில் பிள்ளைகளாலும் முடியும்.

தோல் ஏற்றிச் சென்ற கப்பலோடு ஆவாரையின் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. அடுத்த முறை ஆம்பூரில் பிரியாணி சாப்பிடும்போது, இலையில் வைத்த கத்தரிக்காயைப் பார்த்துப் பேரன் கேட்கலாம்.

"பாட்டி, இது எப்படிக் காய்ச்சுது?"

"கருவண்டு வந்து பூவை உலுக்கிச்சு, கண்ணு. அந்த வண்டுக்குக் கோடையிலே சோறு போட்டது வரப்பிலே நிக்கிற ஆவாரை" என்று பாட்டி பதில் சொல்லலாம்.

அந்தப் பதில் உண்மையாக இருக்க வேண்டுமானால், வரப்பில் ஆவாரை நிற்க வேண்டும்!